சாவி எங்கே? லோடிங் பே வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்துக்குப் படிக்க வந்து, பகுதிநேர வேலை தேடி, ஏஜென்சி மூலமாக ஏதோ ஒரு கிடங்கில் இரவு ஷிஃப்ட்டுக்குப் போய் நிற்கிற நம் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். முதல் நாள் அரைமணி நேரம் வீடியோ போடுவார்கள், பளபளக்கும் மஞ்சள் சட்டையும் இரும்பு மூக்கு வைத்த ஷூவும் கொடுப்பார்கள், நாலு இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள், அவ்வளவுதான், நேராக லோடிங் பேயில், அதாவது லாரி பின்புறத்தை ஒட்டி நின்று சரக்கு ஏற்றி இறக்கும் வாசலில், கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். ட்ரெய்லரைப் பூட்டி வைக்கும் முறையைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு நிமிடம் வந்தால் அதிகம். அந்த ஒரு நிமிடத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நானும் இப்படி வந்தவன்தான். முதலில் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) இழுத்தேன், அப்புறம் ஃபோர்க்லிஃப்ட், இப்போது பே வேலையைப் பார்த்துக்கொள்கிறேன்.

முதலில் பேச்சு புரிய வேண்டும்

லாரியின் தலைப்பகுதியை, அதாவது டிரைவர் உட்காரும் இழுவை வண்டியை, இங்கே 'யூனிட்' என்பார்கள். பின்னால் வரும் பெட்டி ட்ரெய்லர். சாதாரண ட்ரெய்லர் 13.6 மீட்டர் நீளம். பிரிட்டிஷ் பேலட் 26 அடுக்கலாம், யூரோ பேலட் என்றால் 33. யூனிட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே சுருள் சுருளாகத் தொங்கும் காற்றுக் குழாய்களுக்கு 'சூசி' என்று பெயர், ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள். முற்றத்துக்குள்ளேயே ட்ரெய்லர்களை இழுத்து இடம் மாற்றுகிறவர் 'ஷன்ட்டர்'. 'டிப் பண்ணு' என்றால் காசு வைப்பது இல்லை, சரக்கை இறக்குவது. இது தெரியாமல் முதல் நாள் நான் விழித்த விழி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிரச்சினை என்ன

டிரைவர் வெளியே, நீங்கள் உள்ளே. நடுவில் ஒரு சுவர். அவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவரைத் தெரியாது, ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காது. ட்ரெய்லரின் தரைக்கும் கிடங்கின் தரைக்கும் நடுவே இருக்கிற இரும்புப் பாலம்தான் லெவலர். அதன் நுனியில் இருக்கும் நாக்கு ட்ரெய்லர் மேல் ஒரு சாண் அளவுக்குக்கூட ஏறி உட்காராது. குறைந்தது 100 மில்லிமீட்டர் ஏறியிருக்க வேண்டும் என்பார்கள். இரண்டரை டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று தானே நாலு டன் எடை இருக்கும், அதன் மேல் சரக்கு. அத்தனையும் அந்த நாக்கைத் தாண்டித்தான் போய்வருகிறது. டிரைவர் வேலை முடிந்தது என்று நினைத்து வண்டியை எடுத்தால், நடுவே ஒரு மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம் திறந்துகொள்ளும்.

இது கற்பனை இல்லை. நான் வேலைக்கு வந்த இரண்டாவது மாதம், விடியற்காலை மூன்று மணி இருக்கும், பக்கத்துப் பேயில் ஒருவர் மின்சாரப் பேலட் டிரக்கில் கடைசிப் பேலட்டை இறக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு இரண்டு பே தள்ளி இன்னொருவர் வெளியே இருந்த டிரைவரிடம் கையைக் காட்டி 'முடிந்தது' என்றார், அவர் சொன்னது தன் பேயைப் பற்றி. ஆனால் தலையாட்டியது வேறு டிரைவர். ட்ரெய்லர் ஒரு உறுமலோடு முன்னே போனது, லெவலரின் நாக்கு 'டமார்' என்று கீழே விழுந்தது, பேலட் டிரக்கின் பின்சக்கரம் கிடங்குத் தரையைத் தொட்டு இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது. யாருக்கும் அடி இல்லை. அந்த மனிதர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார், தண்ணீர் கொடுத்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. அந்தக் கிடங்கில் அப்போது பூட்டு எதுவும் கிடையாது, விளக்கும் கை சைகையும்தான்.

டிரைவர் தவறாகப் புறப்படுவது ஒரு வகை. இன்னொன்று சத்தமில்லாமல் நடக்கும்: ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் பிரேக் போடும்போதெல்லாம் ட்ரெய்லரை ஒரு நூல் முன்னே தள்ளுகிறது. ஐம்பது தடவை போய்வந்தால் ஐம்பது நூல். பிரேக் சரியாகப் பிடிக்காத ட்ரெய்லராக இருந்தால் நாக்கின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், உள்ளே வேலை செய்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

ட்ரெய்லரின் முன்முகத்தில் காற்றுக் குழாய் மாட்டும் வாய்கள் இருக்கும். சிவப்பு வாய் காற்றை உள்ளே கொண்டுபோவது, மஞ்சள் வாய் பிரேக் மிதிக்கும்போது செய்தி அனுப்புவது. சிவப்புக் குழாயைக் கழற்றினால் ட்ரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். மறுபடி மாட்டிக் காற்று ஏற்றினால்தான் விடும். பூட்டு செய்கிற வேலை இதுதான்: அந்தச் சிவப்பு வாயின் மேல் ஒரு கனத்த இரும்புத் துண்டாக உட்கார்ந்து, குழாயை மாட்ட விடாமல் தடுக்கிறது. குழாய் இல்லை, காற்று இல்லை, பிரேக் விடாது. யூனிட் ட்ரெய்லரோடு இணைந்தே நின்றாலும் இழுத்துக்கொண்டு ஓட முடியாது. இங்கே பல கிடங்குகளில் 'சால்வோ' என்ற பெயரில் காஸ்டெல் நிறுவனத்துடையது இருக்கும். வேறு தயாரிப்பாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான்.

இதில் அழகு பூட்டில் இல்லை, சாவியில் இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல், பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் போவேன். எங்கள் வீட்டில் ஒரு பழைய பூட்டு இருந்தது, பூட்டினால்தான் சாவி வெளியே வரும். திறந்து கிடக்கும்போது சாவியை உருவவே முடியாது. சாவியைத் தொலைக்கிற என்னைப் போன்ற ஆளுக்காகவே தாத்தா வாங்கியது. பேயில் இருப்பதும் அதே தந்திரம், ஆனால் இரண்டு முனையிலும். ட்ரெய்லரில் மாட்டிப் பூட்டினால்தான் பூட்டிலிருந்து சாவி வெளியே வரும். அந்தச் சாவியைக் கொண்டுவந்து பே கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் போட்டுத் திருப்பினால்தான் கதவு திறக்கும், லெவலர் அசையும். கதவு திறந்திருக்கும்வரை பெட்டி சாவியை விடாது. கதவை மூடினால்தான் சாவி கிடைக்கும், சாவி கிடைத்தால்தான் ட்ரெய்லரில் பூட்டு திறக்கும்.

அதாவது ஒரே சாவி, இரண்டு இடம், ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இருக்க முடியும். சாவி உள்ளே பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்தால் ட்ரெய்லர் பூட்டியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, அவரும் உங்களை நம்ப வேண்டியதில்லை. யாராவது 'முடிஞ்சுதா, போகலாமா' என்று கேட்டால் பதில் சொல்வதற்கு முன் பெட்டியைத் திரும்பிப் பாருங்கள்.

வண்டி வந்ததும்

வண்டி பின்னால் வரும்போது முற்றத்தில் நிற்காதீர்கள், வழி காட்டப் போகாதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேறு. வண்டி ரப்பர் தடுப்பில் முட்டி நின்று, என்ஜின் அணைந்த பிறகுதான் உங்கள் வேலை.

டிரைவர் யூனிட்டின் கை பிரேக்கைப் போட வேண்டும், அப்புறம் ட்ரெய்லரின் பார்க்கிங் பிரேக்கையும் போட வேண்டும். ட்ரெய்லர் பக்கவாட்டில் பொதுவாக இரண்டு குமிழ் இருக்கும்: சிவப்பு பார்க்கிங் பிரேக், வெளியே இழுத்தால் பிடிக்கும், நீலம் ஷன்ட் குமிழ், குழாய் இல்லாதபோதும் ட்ரெய்லரை நகர்த்துவதற்காக, தொட்டியில் மிச்சமிருக்கும் காற்றை வைத்துத் தானாகப் பிடித்த பிரேக்கை விடுவிப்பது. நீங்கள் நீலத்தைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. சிவப்பு வெளியே இழுக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பாருங்கள்.

இங்கே பழைய டிரைவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சிவப்புக் குழாயை உருவிவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கிறதே, தனியாகக் குமிழை வேறு இழுக்க வேண்டுமா என்று விட்டுவிடுவார்கள். செய்யக் கூடாது என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்.எஸ்.இ. தெளிவாகவே சொல்கிறது. ஸ்பிரிங் பிரேக் (காற்று போனால் ஸ்பிரிங்கே அழுத்திப் பிடிப்பது) இல்லாத பழைய ட்ரெய்லர்களில் பிடித்து வைத்திருப்பது தொட்டியில் இருக்கிற காற்று, அது மெல்லக் கசிந்தால் பிரேக்கும் தளரும். ஸ்பிரிங் பிரேக் இருந்தாலும் ஆபத்து முடியவில்லை: திரும்பப் போகும்போது குழாயை மாட்டிய அந்த நொடி ட்ரெய்லர் பிரேக் விட்டுவிடும், யூனிட்டின் கை பிரேக்கையும் போட மறந்திருந்தால் மொத்த வண்டியும் உருள ஆரம்பிக்கும். டிரைவரோ அப்போது கேபினில் இல்லை, பின்னால் குழாயோடு நின்றுகொண்டிருப்பார். ஓடிப்போய் நிறுத்தப் பார்த்து நசுங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆக, பூட்டு பார்க்கிங் பிரேக்குக்கு மாற்று இல்லை, அதற்கு மேல் போடுவது.

அடுத்து பூட்டு மாட்டுவது. இதை யார் செய்வது என்பது இடத்துக்கு இடம் மாறும். சில கிடங்குகளில் டிரைவரே, சிலவற்றில் ஷன்ட்டர், சிலவற்றில் நீங்கள். முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள். யூனிட் கழன்று போயிருந்தால் தரையில் நின்றபடியே எட்டி மாட்டிவிடலாம். யூனிட் இணைந்திருந்தால் கேபினுக்குப் பின்னால் இருக்கும் குறுகிய தட்டில் ஏற வேண்டியிருக்கும், மழையில் அது எண்ணெயும் சேறுமாக வழுக்கும், அதில் நீங்கள் ஏறாதீர்கள், அது டிரைவர் வேலை.

நீங்கள்தான் மாட்டுவது என்றால், உங்கள் பேயின் பூட்டை எடுங்கள். ஒவ்வொரு பேக்கும் தனிப் பூட்டு, தனிச் சாவி, மேலே எண் இருக்கும். முற்றத்தில் நடைபாதைக் கோட்டிலேயே போங்கள், இரண்டு ட்ரெய்லருக்கு நடுவே குறுக்கு வழி வேண்டாம். ட்ரெய்லரின் முன்முகத்துக்குப் போய் அதன் எண்ணை உங்கள் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்பாருங்கள். சிரிக்காதீர்கள், இருபது வெள்ளை ட்ரெய்லர் வரிசையாக இருட்டில் நிற்கும்போது பக்கத்து ட்ரெய்லரில் பூட்டை மாட்டிவிட்டு வருவது ரொம்ப சுலபம், நானே செய்திருக்கிறேன். சாவி பெட்டியில் போகும், கதவும் திறக்கும், உங்கள் ட்ரெய்லர் மட்டும் பூட்டப்படாமல் நிற்கும். இயந்திரத்துக்கு இது தெரியாது.

பூட்டைச் சிவப்பு வாயில் மாட்டுங்கள், மஞ்சளில் இல்லை. சாவியைத் திருப்பி உருவுங்கள். பூட்டை ஒரு தடவை கையால் இழுத்து ஆட்டிப் பாருங்கள், கழன்று வந்தால் மாட்டவே இல்லை என்று அர்த்தம்.

கதவைத் திறக்கும் முன்

சாவியைப் பெட்டியில் போட்டுத் திருப்பியதும் விளக்குகள் மாறும். வெளியே டிரைவருக்குச் சிவப்பு, உள்ளே உங்களுக்குப் பச்சை. இரண்டும் எப்போதும் எதிரெதிராக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் பச்சை என்றால் ஏதோ கோளாறு, வேலையை நிறுத்திச் சொல்லிவிடுங்கள். விளக்கு ஒரு துணைதான். பல்பு எரியாமல் போகலாம், வெயில் அடித்தால் சிவப்பா பச்சையா என்று தெரியாமல் போகலாம், டிரைவர் போனில் இருக்கலாம்.

யூனிட் இல்லாமல் ட்ரெய்லர் தனியாக நிற்கிறதா? அப்படியானால் இன்னொரு விஷயம் இருக்கிறது, பூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்பக்கம் அதைத் தாங்குவது இரண்டு கால்கள் மட்டும். அந்தக் கால்களுக்கு முன்னால் சில மீட்டர் நீளம் அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் காலியாக இருக்கும்போது ஃபோர்க்லிஃப்ட் கனத்த பேலட்டோடு அந்த மூக்குப் பகுதிவரை போனால் ட்ரெய்லர் குப்புறக் கவிழப் பார்க்கும். அதனால் மூக்குக்கு அடியில் இரும்புத் தாங்கி வைக்கச் சொல்லும் கிடங்குகள் உண்டு. உங்கள் இடத்தில் தாங்கி விதி இருந்தால் அதை வைத்தபிறகுதான் உள்ளே போக வேண்டும். கால்கள் நிற்கும் தரை உறுதியா, கீழே பலகை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

லெவலரை இறக்கி, நாக்கு முழு அகலத்துக்கும் ட்ரெய்லர் தரையில் படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முதல் தடவை மெதுவாகப் போங்கள். பாதி வேலையில் ஒருமுறை இறங்கி வந்து அதே இடத்தைப் பாருங்கள். பூட்டு இருந்தாலும் டயரும் காற்று சஸ்பென்ஷனும் கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

வேலை முடிந்ததும்

வந்த வழியே திரும்புவதுதான், ஆனால் அவசரத்தில் தப்பு நடக்கிற இடம் இதுதான். உள்ளே ஆள் இல்லை என்று நீங்களே நடந்து போய்ப் பாருங்கள். கடைசிப் பேலட்டுக்குப் பின்னால் குனிந்து பட்டை கட்டிக்கொண்டிருப்பார் ஒருவர். லெவலரைத் திரும்ப நிறுத்துங்கள், கதவை முழுசாக மூடுங்கள், சாவியைத் திருப்பி எடுங்கள். பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்து அதன் இடத்தில் மாட்டுங்கள். அதற்கு அப்புறம்தான் டிரைவருக்குச் சரக்குத் தாளைக் கொடுக்க வேண்டும். தாள் கைக்கு வந்துவிட்டால் பெரும்பாலான டிரைவர்களுக்கு அதுவே பச்சை விளக்கு, அதனால் தாளை முன்கூட்டிக் கொடுக்கிற பழக்கமே வேண்டாம்.

பூட்டு பொருந்தாத வண்டிகள்

வேன், ட்ரெய்லர் இல்லாத ஒற்றை லாரி இவற்றுக்கெல்லாம் இந்தப் பூட்டு உதவாது, மாட்ட வாயே இல்லை. அவற்றுக்குப் பழைய முறைதான்: டிரைவர் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஓய்வறையில் உட்கார வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஊரில் கிளீனர் இறங்கி ஓடிப்போய் வைப்பாரே, அதே கட்டைதான், இங்கே மஞ்சள் நிறத்தில் சங்கிலி கட்டி இருக்கும். சாவி வாங்கும் முறையை நான் அரை மனதோடுதான் நம்புவேன். பல டிரைவர்களிடம் இன்னொரு சாவி பையில் இருக்கும்.

வேறு வகைப் பூட்டுகளும் உண்டு. தரையில் தண்டவாளம் போலப் பதித்த பாதையில் ஒரு இரும்புக் கை ஓடிவந்து பின்சக்கரத்தை மறிப்பது ஒன்று. அமெரிக்காவில் அதிகம் பார்ப்பது, பேயிலிருந்து ஒரு கொக்கி எழுந்து ட்ரெய்லரின் பின்புறத் தடுப்புக் கம்பியைப் பிடிப்பது. அங்கே அந்தக் கம்பி தரையிலிருந்து 22 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 1998 முதல் புது ட்ரெய்லர்களுக்கு விதி இருப்பதால் கொக்கிக்குப் பிடி கிடைக்கிறது. இங்கே பின்னால் டெயில்-லிஃப்ட் (சரக்கை ஏற்றி இறக்கும் தூக்குப் பலகை) அது இது என்று ட்ரெய்லருக்கு ட்ரெய்லர் மாறுவதால் கொக்கி அவ்வளவாக எடுபடவில்லை. கிங்பின்னில், அதாவது யூனிட்டோடு இணைவதற்காக ட்ரெய்லருக்கு அடியில் இருக்கும் இரும்பு முளையில், மாட்டும் பூட்டும் இருக்கிறது, அது யூனிட் வந்து இணைவதையே தடுக்கும்; தனியாக நிற்கும் ட்ரெய்லருக்குத்தான் பயன்படும், முக்கியமாகத் திருட்டுக்கு எதிராக.

ஏமாற்று வேலைகள்

எந்தப் பூட்டையும் ஏமாற்றலாம், இதையும்தான். பூட்டை ட்ரெய்லரில் மாட்டாமல் கையிலேயே வைத்துப் பூட்டி சாவியை உருவப் பார்ப்பார்கள். அப்படிச் சாவி வெளியே வந்தால் அந்தப் பூட்டைப் பயன்படுத்தாமல் பொறியாளரிடம் கொடுங்கள். பக்கத்துப் பேயின் சாவி உங்கள் பெட்டியில் திரும்பினாலும் அப்படியே. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மேற்பார்வையாளர் மேசை இழுப்பறையில் மாற்றுச் சாவிக் கொத்து ஒன்று இருந்தது. சாவி உடைந்தால் அவசரத்துக்கு என்று வைத்தது. கிறிஸ்துமஸ் நெருக்கடியில் அது இழுப்பறையிலிருந்து மேசைக்கு வந்தது, மேசையிலிருந்து பேக்கு வந்தது, அப்புறம் எல்லார் கையிலும் இருந்தது. இரண்டாவது சாவி வந்த நிமிடமே நான் மேலே சொன்ன அத்தனையும் பொய்யாகிவிடுகிறது. பெட்டியில் சாவி இருக்கும், ட்ரெய்லரில் பூட்டு இருக்காது, விளக்கு பச்சை காட்டும். பூட்டே இல்லாத பேயைவிட இது மோசம், ஏனென்றால் பூட்டே இல்லாத பேயில் நாம் பயந்து பயந்தாவது வேலை செய்வோம்.

மாற்றுச் சாவியைக் கொடுத்து 'சீக்கிரம்' என்று யாராவது சொன்னால் என்ன செய்வது? புதிதாக வந்தவருக்கு, அதுவும் ஏஜென்சி ஆளுக்கு, முடியாது என்று சொல்வது கஷ்டம், நாளைக்கு ஷிஃப்ட் வராதோ என்ற பயம் இருக்கும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கடுமையான, உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி ஒரு வேலையிலிருந்து விலகியவரை அதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று 1996-ஆம் வருட வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. முன்பு அது சட்டப்படி 'எம்ப்ளாயி' என்ற தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று இருந்தது, 2021 மே 31 முதல் ஏஜென்சி வேலையாட்கள் போன்றவர்களையும் அது சேர்த்துக்கொண்டது. சட்டம் பேசிச் சண்டை போட வேண்டாம். 'பூட்டு இல்லாமல் நான் உள்ளே போக மாட்டேன், பூட்டிக் கொடுங்கள், இப்போதே இறக்குகிறேன்' என்று அமைதியாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதற்கே வழிக்கு வந்துவிடுவார்கள். நடந்ததைத் தேதி, நேரம், பே எண்ணோடு போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட் முடியும்போது பாதி லோடு ஏறிய ட்ரெய்லர் இருந்தால் கதவை மூடிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள், இது நடக்கிறது, அப்புறம் காலை ஆறு மணிக்குப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பவருக்குப் போன் மேல் போன் வரும். சாவி பெட்டியிலேயே இருக்கட்டும், பலகையில் ட்ரெய்லர் எண்ணை எழுதி, அடுத்து வருகிறவரைப் பெட்டிவரை கூட்டிப்போய்ச் சாவியைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.